கனடாவிலிருந்து வந்த குறுக்குக் கம்பி

நேர் ரோட்டில் கார் சத்தமில்லாமல் வழுக்கிக்கொண்டு போகும். வளைவு வந்தால்தான் வினை. இடப்பக்கம் திருப்பினால் ஒரு ‘டொக்’. வலப்பக்கம் திருப்பினால் இன்னொரு ‘டொக்’. திருப்பி முடிந்ததும், தனக்கு ஒன்றுமே தெரியாது என்பதுபோல் மறுபடியும் அமைதி.

ஜெயபுரத்துப் பரமலிங்கத்துக்கு இந்த வருத்தம் பிடித்துச் சில மாதங்களாகிவிட்டன. வருத்தம் காருக்கல்லவா என்று கேட்காதீர்கள். காருக்குத் தடிமன் பிடித்தால் இவர் தும்முவார். அப்படியொரு ஒட்டு.

ஸ்ரீ நம்பர் போட்ட பழைய ஜப்பான் கார் அது. காபரேற்றர் வைத்தது. வாங்கிய நாளிலிருந்து நடுவழியில் நின்றதில்லை, தள்ளி ஸ்டார்ட் பண்ணியதில்லை, டிக்கிக்கு அடியில் பலகை போட்டு மூடிக்கிடக்கும் ஸ்பெயார் சில்லை ஒருநாள்கூட வெளியே எடுக்கவேண்டி வந்ததில்லை. இதைப் பரமலிங்கம் கலியாண வீடு, செத்த வீடு என்று பாராமல் எல்லா இடத்திலும் சொல்லுவார். கேட்டவர்களே மறுபடி மறுபடி கேட்டுத் தலையாட்டுவார்கள்.

அவருடைய மனைவி கமலாசனிக்கு அந்தக் காரைக் கண்ணில் காட்டக்கூடாது. “உங்கட மற்றவ” என்றுதான் அதற்குப் பெயர் வைத்திருந்தாள். மழை இருட்டினால் முற்றத்தில் கிடக்கும் நெல்லை மூடவேண்டிய படங்கை எடுத்துக் காரை மூடுகிற மனிதனோடு குடும்பம் நடத்துகிறவளுக்குத்தான் அந்தக் கோபம் விளங்கும். வருடக் கணக்காக அவள் சொல்லாத சொல் இல்லை. ஆனால் இந்த வருடப்பிறப்புக்கு இரண்டு பேருமாகக் காரில் முறிகண்டிப் பிள்ளையாரைக் கும்பிட்டு, கச்சான் வாங்கிக் கொறித்துக்கொண்டு திரும்பி வந்ததிலிருந்து, என்ன மாயமோ, அவள் காரைப் பற்றி வாய் திறப்பதை விட்டுவிட்டாள். சத்தத்தைப் பற்றி இவர் புலம்பினாலும், “முறிகண்டியானிட்டைச் சொல்லிப்போட்டன். அவர் பாப்பார்” என்பதோடு சரி.

தன்னுடைய காருக்காகத் தன் மனைவி பிள்ளையாரிடம் மன்றாடுகிறாள் என்று நினைக்கப் பரமலிங்கத்துக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

சத்தத்தை அவர் பொறுத்துக்கொண்டிருப்பார். பொறுக்க முடியாதபடி ஒரு விஷயம் வந்து சேர்ந்தது. ஓமந்தையில் வாழ்க்கைப்பட்ட மகள் தாட்சாயினிக்குப் பெண் குழந்தை பிறந்தது. துடக்குக் கழிந்ததும் தாயும் பிள்ளையும் ஜெயபுரத்துக்கு வந்து சில மாதம் நிற்பதாக ஏற்பாடு. அந்தப் பிள்ளை தன் காரில்தான் வரவேண்டும் என்பது பரமலிங்கத்தின் தீராத ஆசை. தாட்சாயினி பிறந்த காலத்தில் அவளை ஆசுபத்திரியிலிருந்து உழவு இயந்திரப் பெட்டியில், வைக்கோலுக்கு மேலே சாக்கு விரித்துக் கொண்டுவந்தவர் அவர். வழி முழுக்கக் குழந்தை குலுங்கிக் குலுங்கி அழுதது இன்னும் அவர் காதில் நிற்கிறது. பேத்தியாவது மெத்தை வைத்த சீற்றில், சொந்தக் காரில் வரட்டும் என்று நினைத்ததில் என்ன பிழை?

மருமகன் திலீபன் பொறுமையான பிள்ளை. ஒருநாள் மாமனாரோடு ஓமந்தைச் சந்தைவரை போய்வந்தான். நாலு வளைவு, நாலு ‘டொக்’. இறங்கும்போது காலைப் பார்த்துக்கொண்டு சொன்னான்.

“குறை நினைக்காதேங்கோ மாமா. இந்தச் சத்தம் நிக்காட்டி நான் பிள்ளையை வாடகை வான் பிடிச்சுத்தான் அனுப்புவன்.”

மறுநாளே பரமலிங்கம் ஜெயபுரம் சந்தியில் கராஜ் வைத்திருக்கும் வின்சனிடம் காரைக் கொண்டுபோய் விட்டார். வின்சன் முல்லைத்தீவுக் கடற்கரைப் பிள்ளை. இங்கே பெண் எடுத்து வரும்வரை மீன்பிடி வள்ளங்களின் எஞ்சின்களைத் திருத்தியவன். காரைப் பற்றி என்ன கேட்டாலும் அவனிடமிருந்து வள்ளத்தைப் பற்றித்தான் பதில் வரும். அவன் முன் சில்லுகளின் புஷ்களை மாற்றினான். சொக் அப்சோபர்களை மாற்றினான். டிக்கியில் கிடந்த உரப்பை, கயிறு, குடை எல்லாவற்றையும் இறக்கி வைத்துவிட்டு ஓடிப் பார்த்தான். சத்தம் அசையவில்லை. முன்னுக்கா பின்னுக்கா என்றுகூடச் சொல்ல முடியவில்லை. வின்சன் முன்னுக்கு என்றான். பரமலிங்கத்துக்குத் தன் தலைக்குள்ளிருந்து வருவதுபோல் இருந்தது.

கடைசியில் கனடாவிலிருக்கும் மகன் லக்ஷனுக்கு வீடியோ கோல் எடுத்து, போனை ஜன்னலுக்கு வெளியே பிடித்துக்கொண்டு இரண்டு வளைவு ஓடிக் காட்டினார்கள். லக்ஷனுக்கு அங்கே வேலை வேறு என்றாலும் கார் அறிவு நிறைய. ஓய்வு நேரமெல்லாம் கார் வீடியோக்கள்தான் பார்ப்பான்.

“அப்பா, இது பழைய கார். திருப்பேக்க அதின்ர கூடு முறுகுது. முன்னுக்கு ரெண்டு சொக்கும் மேல வந்து பூட்டுற இடம் இருக்கெல்லோ, ரெண்டையும் குறுக்கால ஒரு கம்பியால இணைக்கவேணும். ஸ்ரட் பிரேஸ் எண்டு சொல்லுறது. நான் அனுப்பிவிடுறன்.”

பரமலிங்கத்துக்கு ஒன்றும் விளங்கவில்லை. வின்சன் விளங்கப்படுத்தினான். “வள்ளத்தில குறுக்குப் பலகை இல்லாட்டி அலையில வள்ளம் நெளியும் அண்ணை. அதே விசயம்தான்.” இப்போது பரமலிங்கத்துக்கு இரண்டு விஷயங்கள் விளங்காமல் போயின.

கம்பி வந்து சேர்ந்தது. சொக்கலேற், ஷாம்பு, குழந்தைக்குக் கம்பளித் தொப்பி இவற்றுக்கு நடுவில், நீல நிறத்தில் பளபளவென்று, இரண்டு முனையிலும் வளையம் வைத்து. கமலாசனி அதை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பேத்தியைத் தூங்கவைக்க ஏணை கட்ட அனுப்பியிருக்கிறான் என்று நினைத்து அறைக்குள் கொண்டுபோனவளிடமிருந்து பரமலிங்கம் பதறிப்போய் வாங்கினார். காருக்கு என்று கேட்டதும் அவள் மறுபேச்சில்லாமல் கொடுத்துவிட்டாள். “முறிகண்டியான் பாப்பார்” என்றாள்.

பூட்டுகிற நாளில் முதல் குழப்பம் பொனெற்றைத் திறந்ததுமே வந்தது. லக்ஷன் அனுப்பிய வீடியோவில் இருந்தது புதுக் கார். அதன் எஞ்சின் அடக்கமாகக் கீழே படுத்திருந்தது. கம்பி அதற்கு மேலால் தாராளமாகப் போனது. இங்கேயோ நட்டநடுவில் காபரேற்றர் நின்றது. அதற்கு மேலே, தாச்சிச் சட்டியைக் கவிழ்த்து வைத்தாற்போல் வட்டமான பெரிய எயார் கிளீனர். கம்பி போகவேண்டிய வழியில்தான் அது குந்திக்கொண்டிருந்தது.

கம்பியைக் கொஞ்சம் வளைப்போமா என்று வின்சன் கேட்டான். கனடாவில் விடியுமுன் எழுப்பப்பட்ட லக்ஷன், வளைத்தால் பலம் போய்விடும் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டுப் படுத்துவிட்டான். ஆகவே எயார் கிளீனர் கழன்றது. அதில்லாமல் ஓடினால் ஜெயபுரத்துப் புழுதி முழுக்கக் காபரேற்றருக்குள் போய்விடும் என்பதால், வின்சன் ஒரு மோட்டார் சைக்கிளின் சின்ன பில்ரரை எடுத்து அந்த இடத்தில் செருகினான். எஞ்சின் இருமியது. காற்றைக் கூட்டிக் குறைத்து ஸ்குரூவைத் திருகியதும் இருமல் நின்று குரைக்கத் தொடங்கியது.

அடுத்தது அக்சிலேற்றர் கேபிள். அது கம்பிக்குக் கீழே நசிந்தது. மேலால் எடுத்து விட்டார்கள். அடுத்தது பொனெற். கம்பியில் முட்டிக்கொண்டு மூட மாட்டேன் என்றது. வின்சன் நைலோன் கயிறு கொண்டுவந்து பொனெற்றை முன் கிறிலோடு சேர்த்துக் கட்டினான்.

“கடல்காரன் முடிச்சு அண்ணை. புயலுக்கும் அவிழாது.”

பரமலிங்கம் சற்றுத் தள்ளி நின்று காரைப் பார்த்தார். பல்லுக் குத்துக்கு வாயைக் கட்டிக்கொண்டு நிற்கும் மனிதனைப் போல் அது நின்றது. ஒரு ‘டொக்’கை நிறுத்த வெளிக்கிட்டு இவ்வளவும் எப்படி நடந்தது என்று அவர் யோசித்துப் பார்த்தார். ஒவ்வொன்றும் சரியான காரணத்தோடுதான் நடந்திருந்தது. அதுதான் அவரை இன்னும் குழப்பியது.

ஓடிப் பார்க்கப் போனார்கள். வின்சன் பக்கத்தில் உட்கார்ந்து காதைக் கூர்மையாக்கிக்கொண்டான். முதல் வளைவு வலப்பக்கம். ‘டொக்’ என்றது பழைய சத்தம். ‘டங்’ என்றது பொனெற்.

“இப்ப ரெண்டு சத்தம்,” என்றார் பரமலிங்கம்.

“அப்ப பழையது தனிய இல்லை,” என்றான் வின்சன். ஆறுதலாகச் சொன்னானா, ஆராய்ந்து சொன்னானா என்று தெரியவில்லை.

இரண்டாவது வளைவு இடப்பக்கம். திரும்பும்போது எஞ்சின் இலேசாக ஒரு பக்கம் சரிவது எல்லாக் காருக்கும் உள்ள பழக்கம். ஆனால் இந்தக் காரின் அக்சிலேற்றர் கேபிள் இப்போது கனடாக் கம்பிக்கு மேலால் அல்லவா போகிறது? எஞ்சின் சரிந்ததும் கேபிள் இழுபட்டது. பரமலிங்கம் காலை எடுத்த பிறகும் கார் தன் பாட்டில் பாய்ந்தது. வேகத்தில் காற்று கீழே புகுந்து பொனெற்றைத் தூக்கியது. கடல்காரன் முடிச்சு அவிழவில்லை. அது கட்டப்பட்டிருந்த கிறில்தான் கழன்று, முடிச்சோடு சேர்ந்து மேலே போனது. பரமலிங்கத்தின் கண்ணுக்கு முன்னால் உலகம் முழுக்க வெள்ளைத் தகரமாகிவிட்டது.

அந்தத் தகரத்துக்கு அப்பால், ரோட்டின் பாதியை மறித்து ஊர்க்காரி மீனம்மா சிறுபோக நெல்லைக் காயப் போட்டிருந்தாள். பிரேக்கை மிதித்து மிதித்து, நெல்லுக்கு நடுவில் கார் நின்றது. எஞ்சின் இரண்டு தரம் குரைத்துவிட்டு ஓய்ந்தது. எல்லாம் அடங்கிய பிறகு, கடைசியாக ஒரே ஒருமுறை, ‘டொக்’.

காலை மாற்றி மாற்றி இழுத்து நெல்லைக் கிண்டிக்கொண்டிருந்த மீனம்மா, அப்படியே நின்று பார்த்தாள்.

“பரமலிங்கண்ணை, நான் நெல்லுக் காயத்தான் போட்டனான். குத்தச் சொல்லேல்லை.”

பரமலிங்கம் பின் சீற்றைத் திரும்பிப் பார்த்தார். அங்கே யாருமில்லை. ஆனால் அங்கே தாட்சாயினி இருந்திருந்தால், அவள் மடியில் அந்தச் சின்னது இருந்திருந்தால் என்று நினைத்தார். அந்த இடத்திலேயே மனம் விட்டுப்போயிற்று.

வீட்டுக்கு வந்து திலீபனுக்குப் போன் பண்ணி, வானையே பிடிக்கச் சொன்னார். பிறகு மனைவியிடம் காரை விற்கப்போவதாகச் சொன்னார். கமலாசனி கையிலிருந்த அகப்பையைக் கீழே வைத்தாள். முறிகண்டி இருக்கும் திசையைப் பார்த்துத் தலைக்கு மேலே கை குவித்தாள். அவள் கண் கலங்கியிருந்தது. தான் உயிரோடு திரும்பியதற்காகக் கும்பிடுகிறாள் என்று பரமலிங்கம் நினைத்தார். இவ்வளவு அன்பானவளை இத்தனை காலம் படங்குக்காகச் சண்டைபிடிக்க வைத்தோமே என்று வெட்கப்பட்டார்.

வின்சன் நீலக் கம்பியைக் கழற்றினான். எயார் கிளீனர், கேபிள், கிறில் எல்லாம் பழைய இடத்துக்கு வந்தன. பொனெற் ஒழுங்காக மூடியது. எஞ்சின் குரைப்பை விட்டு முன்போல் முணுமுணுத்தது. கார் முழுக்கச் சுகம். அந்த ஒரு ‘டொக்’ மட்டும் மிச்சம். கம்பியில் கமலாசனி ஏணை கட்டினாள். அதற்கென்றே செய்ததுபோல் பொருந்தியது.

தாட்சாயினியும் பிள்ளையும் வானில் வந்து இறங்கினார்கள். பேத்தி கம்பளித் தொப்பியோடு வேர்க்க வேர்க்கத் தூங்கிக்கொண்டிருந்தாள். பரமலிங்கம் அவளை வாங்கி நெஞ்சோடு அணைத்தார். கார் போனால் போகட்டும் என்று அப்போது அவருக்கு உண்மையாகவே தோன்றியது.

அடுத்த நாள் கிளிநொச்சியிலிருந்து விதுசன் வந்தான். கலியாண வீடுகளுக்குப் படம் பிடிக்கிற பெடியன். பழைய கார் ஒன்றின் பக்கத்தில் பொம்பிளை மாப்பிளையை நிறுத்திப் படமெடுப்பதுதான் இப்போதைய நடப்பு என்று நெடுநாளாக இந்தக் காரைக் கேட்டுக்கொண்டிருந்தவன். வளைவில் ஒரு சத்தம் வரும், காரணம் இன்னும் பிடிபடவில்லை என்று பரமலிங்கம் ஒளிக்காமல் சொன்னார். நின்ற இடத்தில் படமெடுக்கிற காருக்குச் சத்தம் வந்தால் என்ன என்று அவன் சிரித்தான். கையெழுத்து வைத்தாயிற்று. பரமலிங்கம் சாவியைக் கொடுத்துவிட்டு, பொனெற்றை ஒருமுறை தடவினார். விதுசன் ஏறி ஸ்டார்ட் பண்ணினான்.

அப்போதுதான் கமலாசனி, தலைக்கு முழுகி, ஈரத் தலையில் துவாயைச் சுற்றிக்கொண்டு, குசினிப் பக்கமிருந்து ஓடிவந்தாள்.

“தம்பி, கொஞ்சம் நில்லுங்கோ. டிக்கியில ஸ்பெயார் சில்லுக்குள்ள என்ர தேங்காய் ஒண்டு கிடக்கு, எடுத்துத் தாங்கோ. குசினிக்குள்ள வைச்சாக் கறிக்குப் போயிடும் எண்டு அதுக்க வைச்சனான். இந்தக் கார் வித்துப்போனா முறிகண்டியானுக்கு உடைக்கிறன் எண்டு வருசப்பிறப்பண்டு நேர்ந்தது.”