பிறவி இங்கிலீஷ்

அலுவலகத்தில் அவருக்கு மோப்பக்காரர் என்று பட்டப்பெயர். வேலைக்கு மனுப் போட்டவர்களின் ஆங்கிலக் கட்டுரைகள், பெயரும் விலாசமும் கிழிக்கப்பட்டு அவர் மேசைக்கு வரும். நாலு வரி படிப்பார். "இவன் இங்கிலீஷ் தாய்மொழிக்காரன். இவன் படிச்சுக்கிட்டவன்." ஒருநாளும் தப்பாது என்று அவரே சொல்லிக்கொள்வார்.

அப்படி ஒரு தாய்மொழிக்காரனையே மகள் கட்டிக்கொண்டு கடல் தாண்டியபோது, "செத்தாலும் உன் முகத்துல முழிக்க மாட்டேன்" என்றார். அவள் ஒரே ஒரு கடிதம் எழுதினாள். அதைப் பிரிக்காமல் சட்டைப் பைக்குள் திணித்துக்கொண்டு போனவர், என்ன செய்தார் என்று மனைவிக்குக்கூடச் சொல்லவில்லை. பதில் போகாததால் மகளும் நிறுத்திவிட்டாள். மூன்று வருஷம் ஓடிற்று.

திடீரென்று மாதம் ஒரு கடிதம் வரத் தொடங்கியது.

"என்னங்க, மாப்பிள்ளை எழுதியிருக்கார்."

"உறையை எடுத்துட்டுக் குடு. விலாசத்தைப் பார்த்தா கண்ணு ஓரவஞ்சனை பண்ணும்."

படித்தார். "சந்தேகமே இல்ல, பிறவி இங்கிலீஷ்! நம்மாளுன்னா வாசல்லயே நாலு கும்பிடு போட்டிருப்பான். இவன் சொந்த வீடு மாதிரி நேரா உள்ள வந்துட்டான் பாரு!"

"அது சரி, என்ன எழுதியிருக்கார்?"

"நான் நடையைத்தான் பார்ப்பேன்."

"எனக்காகப் பாருங்களேன்."

முறைத்துக்கொண்டே பார்த்தார். படிக்கும்போது உங்கள் மகள் உதட்டைக் கடித்துக்கொள்கிறாள், நீங்களும் அப்படித்தானாமே என்றிருந்தது. அன்று அவருக்குச் சோறு இறங்கவில்லை.

ஐந்தாவது கடிதத்தில், உங்கள் பேச்சை எடுத்தாலே அடுத்த அறைக்குப் போய்விடுகிறாள் என்று ஒரு வரி. அத்தனை வீறாப்பும் போய், மனிதர் தேம்பித் தேம்பி அழுதார். பேனாவை எடுத்தார். "அம்மாடி, அப்பாவை மன்னிச்சுடு" என்று தமிழிலேயே எழுதி ஒட்டினார்.

"மாப்பிள்ளை கடிதாசு வந்த உறையைக் கொண்டா. விலாசம் எழுதணும்."

மனைவி நகரவில்லை. "அவ எழுதின கடிதாசு உங்ககிட்ட இல்லையா?"

"கோவத்துல அன்னிக்கே கிழிச்சுட்டேன். மாப்பிள்ளை உறையில இருக்குமே?"

"உறையே கிடையாதுங்க. அஞ்சும் நான் எழுதினது."

"நீயா? உனக்கு ஏது இங்கிலீஷ்?"

"பள்ளிக்கூடத்துல படிச்சேன். நீங்க கேட்டதே இல்ல. பிறவி இங்கிலீஷ்காரங்க எப்படி எழுதுவாங்கன்னுதான் இருபது வருஷமா சோத்தோட சேர்த்து ஊட்டினீங்களே. மனசு இளகினா, ஒளிச்சு வச்ச விலாசத்தை வெளியே எடுப்பீங்கன்னு நெனச்சேன்."

"அப்ப... உனக்கும் அவ விலாசம் தெரியாதா?"

"தெரிஞ்சா உங்களுக்கு ஏங்க எழுதுறேன்? அவளுக்கே எழுதியிருக்க மாட்டேனா?"