மாட்டேன் மாமியின் மழைக்குழாய்

இங்கிலீஷ்காரனை எதிர்த்து ஜெயிலுக்குப் போனவர்கள் பம்பாயில் எத்தனையோ பேர். ஆனால் டாக்டர், ரேஷன் கடைக்காரர், வீட்டுக்கார சேட் என்று யாரை எதிர்த்தாலும், அன்று சாயங்காலமே நிம்மதியாக அடை வார்த்துச் சாப்பிட்ட ஆத்மா எனக்குத் தெரிந்து ஒன்றுதான். மாட்டுங்காவில் அவளுக்குப் பெயர் மாட்டேன் மாமி.

சொந்தப் பெயர் ஒன்று இருந்திருக்க வேண்டும். ரேஷன் கார்டில் எழுதியிருப்பார்கள். எங்கள் கட்டடத்தில் யாருக்கும் அது தேவைப்படவில்லை.

காப்பியை நிறுத்தச் சொன்னார் டாக்டர். மாமி டாக்டரை நிறுத்தினாள். அறுபதாம் கல்யாணத்துக்குப் படம் பிடிக்க வந்தவன், "கொஞ்சம் சிரிங்கோ மாமி" என்றான். "மாட்டேன். நான் சந்தோஷமா இருக்கேன்னு எனக்குத் தெரியும். ஒமக்கு அது என்னத்துக்கு?" என்றாள். அந்தப் படத்தில் மாமா மட்டும் இரண்டு பேருக்கும் சேர்த்துச் சிரித்துக்கொண்டிருப்பார். யுத்த காலத்தில் ரேஷன் கடையில் அரிசிக்குப் பதிலாகப் புழு நெளியும் சோளத்தை அளந்தபோது, மாட்டேன் என்று வாசலை அடைத்து உட்கார்ந்துவிட்டாள். பின்னால் கியூ கிங்ஸ் சர்க்கிள் வரை நீண்டது. மாமியைத் தாண்டி உள்ளே போக வழியில்லாததால் கியூ மொத்தமும் மாமி கட்சியில் சேர்ந்தது. கடைசியில் அரிசி வந்தது.

நான் அப்போது ரயில்வேயில் படம் வரையும் உத்தியோகத்தில் இருந்தேன். நானும் இரண்டு பிரம்மச்சாரி நண்பர்களும் இரண்டாம் மாடியில் மாமிக்கு எதிர் பிளாக்கில் குடியிருந்தோம். அதனால் பின்வருவதற்கெல்லாம் நான் கண்கண்ட சாட்சி; ஓரளவு குற்றவாளியும்கூட.

யுத்தம் முடிந்த மறு வருஷம், பங்குனி மாதம். டிராம் நிற்பதற்கு முன்பே மாமி இறங்கப் போனாள். "டஹரோ, பாயி!" என்று நிற்கச் சொல்லிக் கத்தினான் கண்டக்டர். வழக்கமான பதிலைச் சொல்லிக்கொண்டே மாமி காலை வைத்தாள். தொடை எலும்பு முறிந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும்போது ஆடி பிறந்துவிட்டது. கையில் ஒரு தடி. வலது முழங்கால் மடங்கவில்லை; இனி மடங்காது என்றும் சொல்லிவிட்டார்கள்.

எங்கள் கட்டடத்துக் குளியலறைகளைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். கதவைத் திறந்தால் உள்ளே முழங்கால் உயரத்துக்கு ஒரு கட்டைச்சுவர். அதைத் தாண்டி இறங்கி, பலகையில் குந்தி உட்கார்ந்து, அண்டாவிலிருந்து செம்பால் மொண்டு ஊற்றிக்கொள்ள வேண்டும். மடங்காத காலோடு தாண்டவும் முடியாது, குந்தவும் முடியாது. கீழ் பிளாக் பங்கஜம் மாமியும் வேலைக்காரியும் ஆளுக்கொரு பக்கமாக அவளைத் தூக்கி உள்ளே வைத்துக் குளிப்பாட்டினார்கள். முதல் நாள் தூக்கினார்கள். இரண்டாம் நாள் தூக்கினார்கள். மூன்றாம் நாள் தடியைக் குறுக்கே நீட்டினாள் மாமி.

"மாட்டேன். மனுஷாளைத் தூக்கறதுக்குன்னு ஒரு நாள் இருக்கு. அதுவரைக்கும் யாரும் என்னைத் தூக்க வேண்டாம். நானே நடந்து போய்க் குளிச்சுப்பேன்."

"எப்படிடீ போவே? நடுவில சுவர் இருக்கே?" என்றார் மாமா.

"அதைத்தான் இடிக்கப் போறேன்."

மாமாவுக்கு முகம் வெளுத்தது. கோட்டைப் பகுதியில் ஏதோ கம்பெனியில் குமாஸ்தா அவர். இடிப்பது, உடைப்பது எல்லாம் அவர் குடும்பத்தில் தேங்காயோடு சரி. "சேட் வீட்டைக் காலி பண்ணச் சொல்லிடுவான்டீ! இன்னிக்கு பம்பாயில வேற எடம் கெடைக்குமா?" என்றார்.

"குளிக்க முடியாத ஆத்தில இருந்தா என்ன, போனா என்ன?"

ஆஸ்பத்திரியில் மாமி ஒன்று பார்த்து வைத்திருந்தாள். அங்கே ஓர் அறையில் சுவரும் இல்லை, படியும் இல்லை. ஒரே சமதரை. நின்றபடி குழாயைத் திருகினால் தலைக்கு மேலிருந்து மழை மாதிரி தண்ணீர் கொட்டும். அதே போல் வீட்டில் செய்ய வேண்டும். சமையலறைத் தரையில் கோலமாவால் முழு அளவுக்குப் படம் போட்டு, தடியை ஊன்றி அதற்குள் நடந்து நடந்து பார்த்தாள். பிறகு என்னைக் கூப்பிட்டாள். "அம்பி, இதைக் கடுதாசில வரை. தண்ணி ஓடற வாட்டம் சரியா இருக்கணும்."

வேலைக்குத் தாராவியிலிருந்து சுடலைமுத்து வந்தார். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், தகர வேலை, குழாய் வேலை, கொத்து வேலை மூன்றும் அத்துப்படி. மழைக்குழாய் கடையில் கிடைக்காத காலம் அது. மாமி விஷயத்தைச் சொன்னாள்.

"இதுக்கா யோசிக்கிய? பூவாளி மூக்கத் தலகீழா மாட்டுனா மழ பேயத்தானம்மா செய்யும்? செஞ்சி தாரேன்" என்றார் அவர்.

பங்கஜம் மாமி மேலே ஓடி வந்தாள். "தாராவிக்காரனையா ஸ்நான அறைக்குள்ள விடறேள்? மடி என்னத்துக்காறது?"

"உங்காத்துக் குழாயை யாரு போட்டா? குருவாயூரப்பனா?" என்று கேட்டுவிட்டு, சுடலைமுத்துவுக்குக் காப்பி கலக்கப் போனாள் மாமி. மாமா குடிக்கும் அதே வெள்ளி டம்ளரில்.

சுவர் போயிற்று. பரண் மேல் ஒரு தகரத் தொட்டி ஏறிற்று. விடியற்காலையில் குழாய் வேகமாக வரும்போது அது நிரம்பிக்கொள்ளும். தொட்டியிலிருந்து ஒரு குழாய், அதன் நுனியில் பித்தளைப் பூவாளி மூக்கு. பிடித்துக்கொள்ளச் சுவரில் ஓர் இரும்புக் கம்பி. தரை காய்ந்ததும் மாமி ஓர் எலுமிச்சம்பழத்தை எடுத்துவந்து குழாயடியில் வைத்தாள். அது சாக்கடைத் துவாரத்தைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், நேரே உருண்டு சமையலறைக்குப் போய் அடுப்படியில் நின்றது.

மாமி என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "அம்பி, நீ படம் வரைஞ்ச ரயில்வே பாலத்தில நான் ஏற மாட்டேன்."

சுடலைமுத்து தரையைக் கொத்திவிட்டு, என் படத்தைப் பார்க்காமல் மறுபடி பூசினார். எலுமிச்சம்பழம் ஒழுங்காகத் துவாரத்தில் போய் விழுந்தது.

அடுத்த வெள்ளிக்கிழமை மாமி தடியை ஊன்றிக்கொண்டு தானே நடந்து உள்ளே போனாள். தாழ்ப்பாள் போட்ட சத்தம் கேட்டது. வெளியே மாமா, பங்கஜம் மாமி, சுடலைமுத்து, நான் நால்வரும் பரீட்சை எழுதிய பிள்ளைகள் மாதிரி நின்றோம். தண்ணீர் கொட்டியது. அப்புறம் வெகுநேரம் தண்ணீர் சத்தத்தைத் தவிர ஒன்றுமில்லை. மாமாவால் தாங்க முடியவில்லை.

"அடியே, விழுந்துடாதேடீ!"

"மாட்டேன்!"

முப்பத்தைந்து வருஷத் தாம்பத்தியத்தில் மாமா சொன்ன சொல்லுக்கு மாமி கட்டுப்பட்டது அன்றைக்குத்தான். மாமா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

விஷயம் சேட் காதுக்கு எட்டியது. இடிந்த சுவரைப் பார்த்து அவர் போட்ட சத்தத்தில் மூன்று மாடியும் கூடிவிட்டது. "பூச்சே பினா தோட் தியா? காலி கரோ!" கேட்காமல் இடித்தாயா, காலி பண்ணு என்று ஒரே கூச்சல்.

மாமிக்கு ஹிந்தி அரைகுறை. ஆனால் தேவையான வார்த்தை அவள் பாஷையிலேயே இருந்தது. "ஹம் மாட்டேன்."

இந்த அம்மாள் என்ன சொல்கிறாள் என்று சேட் மாமாவைக் கேட்டார். யோசித்துச் சொல்கிறாளாம் என்று மாமா ஹிந்தியில் மொழிபெயர்த்தார். சேட் யோசிக்க விடவில்லை. சுவரைத் திரும்ப எழுப்ப மறுநாளே ஒரு மராத்திக் கொத்தனாரை அனுப்பினார்.

கொத்தனார் ஒன்பது மணிக்கு வந்தார். மாமி குளித்துக்கொண்டிருந்தாள். பெண்பிள்ளை குளிக்கும்போது எந்தக் கொத்தனார் உள்ளே போவார்? பதினோரு மணிக்கு வந்தார், மாமி குளித்துக்கொண்டிருந்தாள். நாலு மணிக்கும் அப்படியே. மாடிப்படியில் அவர் தலை தெரிந்ததும் எங்கள் பிளாக்கிலிருந்து ஒருவன் உரக்க இருமுவான். உடனே மழைக்குழாய் கொட்டும். தொட்டி காலியானால், லீவு போட்டிருந்த நாங்கள் மூவரும் பக்கெட் பக்கெட்டாகத் தூக்கி ஊற்றினோம். மூன்று நாளில் பதினேழு குளியல். கலவை வாளியிலேயே இறுகிப்போயிற்று.

நாலாம் நாள் சேட்டே வந்து கதவைத் தட்டினார்.

"கோன் ஹை?" என்றாள் மாமி உள்ளேயிருந்து.

"சேட்!"

"ஹம் நஹாதா ஹை. ஷாம் கோ ஆவ்!" குளிக்கிறாளாம், சாயங்காலம் வர வேண்டுமாம்.

சாயங்காலம் வந்தார். தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. உள்ளேயிருந்து தொடர்ந்து ஏழு தும்மல். சேட் கொஞ்ச நேரம் எண்ணிக்கொண்டே நின்றார். பிறகு மாமாவைத் தனியே கூப்பிட்டு, "உன் சம்சாரம் ஜன்னி கண்டு செத்தால் பாவம் என் தலையில் விழும். சுவர் இல்லாவிட்டால் போகிறது. முதலில் குளிப்பதை நிறுத்தச் சொல்" என்று ஹிந்தியில் கெஞ்சிவிட்டுப் படியிறங்கினார்.

மாமா கதவருகே போனார். "ஜெயிச்சாச்சு. வெளியில வா."

"இருங்கோ. தலை இன்னும் அலசலை."

அந்த வருஷம் தீபாவளிக்கு எங்கள் மூவருக்கும் லீவு கிடைக்கவில்லை. ஊருக்குப் போக முடியவில்லை. விடிவதற்குள் மாமி கதவைத் தடியால் இடித்தாள். "எழுந்திருங்கோடா, தடியன்களா!" வரிசையாக உட்கார வைத்து, தடியைச் சுவரில் சாய்த்துவிட்டு, நின்றபடியே எங்கள் தலையில் எண்ணெய் வைத்துத் தேய்த்தாள். வெந்நீர் நிரப்பிய தொட்டியின் கீழே ஒவ்வொருவராக அனுப்பினாள்.

பம்பாய்க்கு வந்து ஆறு வருஷத்தில் என் தலையை யாரும் தொட்டதில்லை. நான் தேவைக்கு மேலேயே நின்றுவிட்டேன் போலிருக்கிறது. வெளியே வந்ததும், "கண் ஏன்டா இப்படிச் செவந்திருக்கு?" என்று கேட்டாள் மாமி. சீயக்காய் பட்டுவிட்டது என்றேன்.

அன்றைக்கு எண்ணெய் போகத் தேய்த்துக்கொள்ள எனக்கு அவள் கொடுத்திருந்தது கடலைமாவு. மாமி அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.