ஒரு ஆளுக்கு மட்டும் பிரேக்

பாஞ்சாலிக்கு இந்த விஷயம் எந்தக் காலத்திலும் தெரியக்கூடாது என்று சுப்புராயன் முடிவெடுத்தார். கல்யாணமான நாளிலிருந்து அவர் எடுத்த முடிவுகளில் இதுதான் பெரியது. மற்ற முடிவுகளெல்லாம் பாஞ்சாலி எடுத்தவை.

விஷயம் இதுதான். அவருடைய காருக்குப் புதுப் பிரேக் போட்டாயிற்று.

கார் என்றால் சாதாரணக் கார் இல்லை. கூரை கிடையாது. இரண்டே சீட்டு. அந்தக் காலத்தில் அடையாறில் இருந்த வெள்ளைக்காரத் துரை ஒருவர், ஊருக்குத் திரும்பும்போது தன் டிரைவரிடம் விட்டுப்போன ஸ்போர்ட்ஸ் கார். அந்த டிரைவர் சுப்புராயனின் அப்பா. காருக்கு எடை ரொம்பக் கம்மி. இரண்டு பேர் பின்பக்கத்தைப் பிடித்தால் அப்படியே தூக்கித் திருப்பி வைத்துவிடலாம். மந்தைவெளியில் சுப்புராயன் நடத்தும் பாத்திர வாடகைக் கடையில், பிரியாணி அண்டாவைத் தூக்கத்தான் நாலு பேர் வேண்டும்.

கடைக்கு ஒரு குட்டியானை லோடு வண்டி உண்டு. அதை ஓட்டுவது பாஞ்சாலி. முகூர்த்த நாளில் அண்டா குண்டா எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு தி.நகர் நெரிசலில் அவள் ரிவர்ஸ் எடுத்தால், ஆட்டோக்காரர்களே ஒதுங்கி வழி விடுவார்கள்.

சுப்புராயனுக்கு ஞாயிற்றுக்கிழமை காலை மட்டும் போதும். காரை எடுத்துக்கொண்டு திருவான்மியூரைத் தாண்டிக் கடலோரமாகப் போவார். பக்கத்து சீட்டில் பிளாஸ்க். வாய் நிறையப் பாட்டு. "அந்த ஜல்லிக்கரண்டி எங்க?" என்று கேட்க ஆளில்லை. சுருதி தப்பினால் சொல்லவும் ஆளில்லை. வாரம் முழுக்க அவர் சிரித்த முகமாக இருப்பதே இந்த ஒரு காலையை நம்பித்தான்.

ஆபத்து மார்கழியில் வரும். மார்கழியில் கல்யாணம் கிடையாது. கல்யாணம் இல்லையென்றால் பாஞ்சாலிக்கும் ஞாயிற்றுக்கிழமை லீவு.

"மாமா, நானும் வரேனே. ஒரு சீட்டு சும்மாதான கீது?"

"சீட்டு கீது பாஞ்சாலி. பிரேக்கு இல்லியே."

"உனக்கு மட்டும் கீதா?"

"ஒரு ஆளுக்குத்தான் கீது. வண்டி வெயிட்டு கம்மி. பிரேக்கும் அதுக்கேத்தாப்ல சின்னது. இன்னொரு ஆளு ஏறுனா புடிக்காது. துரையே தனியாத்தான் போவாராம்."

"அப்ப துரைசானி?"

"பஸ்ல."

ஒவ்வொரு மார்கழியும் இந்தப் பேச்சு நடக்கும். ஒவ்வொரு மார்கழியும் துரைசானி பஸ்ஸில் போவார்.

பொய்க்குள் கொஞ்சம் உண்மையும் இருந்தது. டிரம் பிரேக் அரதப்பழசு. மிதித்தால் யோசித்துத்தான் பிடிக்கும். அதனால் சுப்புராயன் வீட்டுச் சுவரோரம் ஒரு பழைய டயரைச் சாய்த்து வைத்து, அதில் முட்டித்தான் காரை நிறுத்துவார். டம் என்று சத்தம் கேட்டால் பாஞ்சாலி தோசைக்கல்லை அடுப்பில் போடுவாள்.

இந்த வருஷம் கார்த்திகையில் நிலைமை மீறிப்போயிற்று. சாந்தோமில் இளநீர் வண்டியைப் பார்த்து அவர் மிதித்த பிரேக், இளநீர் வண்டியில் முட்டிய பிறகு பிடித்தது. யாருக்கும் அடியில்லை. இளநீர்கள்தான் உருண்டு போய் பஸ் ஸ்டாப்பில் நின்றன. அன்றைக்குச் சுப்புராயன் நிஜமாகவே பயந்துபோனார். மறுநாளே புதுப்பேட்டைக்கு, மெக்கானிக் குலாம் ரசூலிடம் போனார்.

"பாய், முன்னாடி ரெண்டு வீலுக்கும் டிஸ்க் பிரேக்கு போட்டுடு. இருக்கறதுலயே பெருசா போடு."

"பெருசு வாணாம் நைனா. இந்த வெயிட்டுக்குப் பெரிய பிரேக்கு போட்டா வீலு லாக் ஆயி வழுக்கிக்கினு போவும். சின்னக் காரு டிஸ்க்கு கீது, அது போதும். சொன்ன எடத்துல நிக்கும்."

"நிக்கட்டும் பாய். ஆனா மாத்துனது வெளிய தெரியக்கூடாது."

"இன்னா, போலீஸ் பிரச்னையா?"

"பொண்டாட்டி பிரச்னை."

பாய் அதற்குமேல் கேட்கவில்லை. அவருக்கும் வீடு இருக்கிறது.

புதுப் பிரேக் வெண்ணெயாகப் பிடித்தது. சுப்புராயன் உச்சி குளிர்ந்து போனார். ஆனால் கம்பிச் சக்கரத்தின் வழியே டிஸ்க் பளபளவென்று தெரிந்தது. செம்மண்ணைக் கிரீஸில் குழைத்து, பிரேக்கில் படாமல் சக்கரக் கம்பிகளில் மட்டும் பூசினார். அது போதாதென்று நடிப்பு வேறு. ஞாயிறுதோறும் கேட்டுக்குள் நுழையும்போது, "தள்ளு! தள்ளு! புடிக்கல!" என்று தெருவே கேட்கக் கத்துவார். பிறகு டயருக்கு ஒரு முழம் முன்னாலேயே மெல்ல நிறுத்திவிட்டு, காரின் கதவில் உள்ளங்கையால் ஓங்கி ஒரு அறை விடுவார்.

டம்.

உள்ளே தோசைக்கல் அடுப்பில் ஏறும். நம்மை மிஞ்ச ஆளில்லை என்று சுப்புராயன் சிரித்துக்கொள்வார்.

மார்கழி வந்தது. பாஞ்சாலி இந்த முறை நானும் வரேன் என்று கேட்கவே இல்லை. சுப்புராயன் அதை வெற்றி என்று எடுத்துக்கொண்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் கிளம்பும்போது வாசலில் கோலம் இல்லை. மற்ற நாளில் விடியும் முன்பே விழுந்துவிடும். அவர் அதைக் கவனிக்கவில்லை. கவனிக்கிற வேலை அந்த வீட்டில் வேறொருவருடையது.

கடல் காற்றில் தொண்டை கட்டும் வரை பாடிவிட்டு, வழக்கம்போலத் தெருவுக்குள் திரும்பினார். "தள்ளு! தள்ளு!" என்று ஆரம்பித்தார். கேட்டை அடைத்துக்கொண்டு ஒரு கோலம். முன்பாதியில் கலர்ப்பொடியில் பெரிய மயில். பின்பாதியில் தோகைக்கு வெறும் புள்ளிகள். அந்தப் பக்கம் பாஞ்சாலி, தலை நிறையப் பூவோடும் தோளில் கைப்பையோடும் நின்றுகொண்டிருந்தாள்.

மார்கழிக் கோலத்தில் காரை ஏற்றுகிற துணிச்சல் மயிலாப்பூர்ப் பக்கம் எந்தப் புருஷனுக்கு உண்டு? சுப்புராயன் யோசிக்கவில்லை. கால் தானாக மிதித்தது. கார் நின்றது. சக்கரத்துக்கும் மயிலின் மூக்குக்கும் நடுவே ஒரு விரற்கடை இருந்தது. கதவில் அறைய அவருக்கு மறந்தே போயிற்று.

"இன்னா மாமா, நின்னுடுச்சி?"

"அது... கோலத்தப் பாத்ததும் அதுவா..."

"வண்டிக்கு அவ்ளோ பக்தியா?"

"பாஞ்சாலி, வந்து..."

"அந்த டயருல ஒரு மாசமா சிலந்தி குடித்தனம் பண்ணிக்கினு கீது மாமா. தெனம் அந்த எடத்தப் பெருக்குறது நானு. வாராவாரம் டம்முனு முட்டுற, ஒரு நூலுகூட அறுந்து போவல."

சுப்புராயனுக்கு முகம் செத்துவிட்டது. ஆனாலும் சட்டென்று சமாளித்துக்கொண்டார். பிளாஸ்க்கை மடியில் வைத்துக்கொள்ளலாம். பாட்டைக் கொஞ்சம் மெதுவாகப் பாடலாம். பாதிக் காலையாவது மிஞ்சும்.

"சரி, ஏறிக்க. இனிமே ரெண்டு பேருமா போலாம்."

"அது எப்டி மாமா? ஒரு ஆளுக்குத்தான பிரேக்கு?"

"இப்ப ரெண்டு ஆளுக்கும் புடிக்கும்மே!"

"வாணாம் வாணாம். துரையே தனியாத்தான் போனாருன்னியே. நீ எறங்கு."

இறங்கினார். வேறென்ன செய்வார்? பாஞ்சாலி ஏறி உட்கார்ந்து, சீட்டைச் சரிசெய்து, கோலப்பொடிக் கிண்ணத்தை அவர் கையில் கொடுத்தாள். பிளாஸ்க்கைக் கொடுக்கவில்லை.

"பாஞ்சாலி, அப்ப நானு?"

"துரைசானி எதுல போனாங்கன்னு உனக்குத் தெரியாதா? அதுக்கு முன்னாடி இத முடிச்சிடு. புள்ளியெல்லாம் வெச்சிட்டேன், கோடு இழுத்தா போதும்."

ஒரே மூச்சில் ரிவர்ஸ் எடுத்தாள். மயில் மீது ஒரு தூசு விழவில்லை. தெருமுனையில் பிரேக் விளக்கு ஒருமுறை எரிந்து, வளைவில் மறைந்தது.

சுப்புராயன் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். முதல் கோடு கோணியது. அழித்துப் போட்டார். இரண்டாவது தேவலை. வெயில் இதமாக இருந்தது. ஜல்லிக்கரண்டி எங்கே என்று இங்கேயும் யாரும் கேட்கவில்லை. மெல்ல ஒரு பாட்டுகூட வந்தது. மயில் தோகை விரிய விரிய, இதுவும் நன்றாகத்தான் இருக்கிறது என்று தோன்றியது. ஒரு ஞாயிறு போனால் போகட்டும், அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம்.

எதிர்வீட்டுக் கதவு திறந்தது. அபயாம்பாள் மாமி தெருவைக் கடந்து வந்து, கண்ணாடியை ஏற்றிவிட்டுக் கோலத்தை உற்றுப் பார்த்தாள்.

"அடடே, தோகை நன்னா வந்திருக்கே! அடுத்த வாரம் நம்மாத்து வாசலுக்கும் ஒண்ணு போட்டுடுங்கோ. இனிமே ஞாயித்துக்கிழமை காலம்பற நீங்க சும்மாத்தான் இருப்பேள்னு பாஞ்சாலி நேத்தே சொல்லிட்டா."