கறுப்பு மண் பெர்மிட்டும் என் முன்னறையும்

அன்றைக்கு எனக்குத் தரப்பட்ட வேலை சின்ன வேலைதான். கறுப்பு மண் பெர்மிட்டைப் புதுப்பிக்க வேண்டும். அவ்வளவுதான்.

எண்பதுகளின் தொடக்கம். கல்முனை பசாரில் ஒரு புடவைக் கடையில் வேலைக்கு நிற்கிறேன். கலியாணமாகிச் சாய்ந்தமருதில் பெண் வீட்டில் குடியிருக்கிறேன். எங்கள் பக்கத்து வழக்கம் அதுதான். பெட்டி படுக்கையோடு மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார்.

வந்த மாப்பிள்ளைக்கு முன்னறை. முன்னறையில் மேசை ஃபேன். விடிந்தால் மிளகுத்தூள் தூவிய அரை அவியல் முட்டை. சுல்தான் போல இருந்தேன் என்று சொன்னால் சுல்தான்கள் கோபிக்கக்கூடாது.

இந்தச் சுகத்துக்கு ஒரு ஆபத்து வந்தது. மனைவியின் தங்கச்சிக்குக் கலியாணம் பேசி முடித்துவிட்டார்கள். அவளுக்கும் ஒரு வீடு கொடுக்க வேண்டும். மாமா பின்வளவில் அத்திவாரம் வெட்டிவிட்டார். ஆனால் சுவர் எழும்பவில்லை. கலியாணத்துக்கு முன் வீடு எழும்பாவிட்டால் புது மாப்பிள்ளையை எங்கே வைப்பது?

"எங்க வைக்கிற? முன்னறையிலதான்!" என்றாள் என் மனைவி நசீமா, ஈவிரக்கம் இல்லாமல்.

"அப்ப நாம?"

"குசினிக்குப் பக்கத்துல ஒரு அறை இரிக்கில்லியா? தேங்கா போட்டு வெச்சிரிக்கிற அறை."

அந்த அறைக்கு ஃபேன் கிடையாது. ஜன்னல் உண்டு, ஆனால் அதைத் திறந்தால் பின்வளவு அத்திவாரக் குழிதான் தெரியும். அன்றிலிருந்து அந்த வீடு எழும்ப வேண்டும் என்று மாமாவைவிட நான்தான் கூடுதலாகத் துஆ கேட்டேன்.

வீடு எழும்ப மாமா நம்பியிருந்தது கறுப்பு மண்ணை. மாரிக் கடல் கொந்தளித்து அடங்கினால் கரையில் கறுப்பு மண் படை படையாக ஒதுங்கும். மாமா ஆள் வைத்து அள்ளுவார். கொழும்பில் வெல்டிங் கம்பி செய்யும் கொம்பனிக்காரன் லொறி அனுப்பி ஏற்றுவான். ஆனால் பெர்மிட் இல்லாமல் லொறி கொழும்பைவிட்டு அசையாது.

மண்ணுக்கு எதற்குப் பெர்மிட்? அந்தக் கறுப்புக்குள் கதிர் வீசுகிற சாமான் கொஞ்சம் இருக்கிறதாம். யுரேனியத்துக்கு ஒன்றுவிட்ட சகோதரமாம். அதனால் அரசாங்கம் அதன்மேல் ஒரு கண் வைத்திருந்தது.

"மருமகன், நீங்க இங்கிலீசு கதைக்கிற ஆள்" என்றார் மாமா. "கொழும்புக்குப் போய் அந்தப் பெர்மிட்ட மட்டும் புதுப்பிச்சிட்டு வாங்க."

"இதென்ன மாமா பெரிய விசயம்? போனா வேல முடிஞ்சிது!"

இந்த வாயை அன்றைக்கே தைத்திருக்கலாம்.

கொழும்புக்குப் போகும் பஸ்ஸில் வழி முழுக்க இங்கிலீசில் கதை தயார் பண்ணிக்கொண்டு போனேன். மகியங்கனை வளைவுகளில் பக்கத்து ஆள் வாந்தி எடுத்தார். நான் இலக்கணம் பார்த்தேன்.

அரசாங்கக் கந்தோரில் இருந்த கிளாக்கர் நல்ல தமிழில் கேட்டார்.

"என்ன தம்பி விசயம்?"

தயார் பண்ணிய இங்கிலீசு முழுவதும் வீண்! விசயத்தைச் சொன்னேன். மனிதர் சாய்ந்து உட்கார்ந்தார்.

"அது இப்ப எங்கட வேலை இல்ல தம்பி. மாவட்டத்துக்குக் குடுத்தாச்சு. இனி உங்கட அம்பாறைதான் பெர்மிட் தரும்."

"எப்ப குடுத்தீங்க?"

"இந்த மாசம்."

"நான் போன மாசம் வந்திருந்தா?"

"போன மாசம் வந்திருந்தா நானே தந்திருப்பன்" என்றார். குமரைக் கட்டிக்கொடுத்துக் கரைசேர்த்த வாப்பாவின் நிம்மதி அவர் முகத்தில் இருந்தது. அவரிடம் நான் கதைத்த ஒரே இங்கிலீசு "தேங்க் யூ".

வந்த பஸ்ஸிலேயே திரும்பினேன். அடுத்தது அம்பாறை. அங்கே கந்தோரில் சிங்களம்தான். எனக்குத் தெரிந்த சிங்களமோ ஐயா என்கிற "மாத்தயா", பிறகு "இறங்கணும்", "மிச்சக் காசு" என்பதற்கான சொற்கள், இவ்வளவுதான். மூன்றையும் மாற்றி மாற்றிச் சொன்னேன். பியோனுக்குப் பாவமாக இருந்திருக்க வேண்டும், என் கையைப் பிடித்து ஒரு மூலை மேசைக்குக் கூட்டிக்கொண்டு போய் நிறுத்தினார்.

மேசையில் நெற்றி நிறையத் திருநீற்றோடு ஒரு ஐயா. பெயர் தங்கராசா.

"எந்த ஊர் தம்பி?"

"சாய்ந்தமருது."

"அட! நான் காரைதீவு!"

கேட்டதும் எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. எங்கள் பள்ளிவாசல் பாங்கு அவர் வீட்டுக்குக் கேட்கும். அவர்கள் கோயில் மணி எங்கள் வீட்டுக்குக் கேட்கும். நான் இலங்கையின் மறுகரை வரை போய்த் தேடின மனிதர் பக்கத்து ஊர்!

"பெர்மிட் தருவீங்களா ஐயா?"

"அதிகாரம் வந்திட்டு தம்பி. மீற்றர்தான் இன்னும் வரல்ல."

"என்ன மீற்றர்?"

"மண்ணுக்குக் கிட்டப் புடிச்சா டிக் டிக் எண்டு கத்தும். கதிர் கூடினா சத்தமும் கூடும். அத வெச்சிப் பாக்காம நான் எப்பிடி எழுதுற? வாற கிழமை கொழும்புல இரிந்து வந்திரும். நீங்க சாம்பிளுக்கு ஒரு சாக்கு மண்ணக் கொண்டு வாங்க."

ஒரு சாக்கு மண்தானே! அடுத்த கிழமை கரைக்குப் போனேன். நல்ல கறுப்பாகப் பார்த்து அள்ளினேன். சைக்கிளில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்து கிணற்றடியில் இறக்கினேன். வழியில் கேட்டவர்களுக்கெல்லாம் "இது யுரேனியத்துக்குச் சொந்தம்" என்று பெருமையாக விளக்கமும் சொன்னேன். அஸர் தொழுகைக்குள் ஊர் முழுக்கக் கதை பரவியது. மாப்பிள்ளை கிணற்றடியில் அணுகுண்டு வைத்திருக்கிறாராம்!

மாமியிடம் மட்டும் நான் ஒன்றும் விளக்கவில்லை. "நாளைக்கு அம்பாறைக் கந்தோர்ல பெரியவருக்குக் குடுக்கணும் மாமி" என்றேன். அதோடு போய்ச் சேட்டு அயன் பண்ணினேன்.

விடியப் பார்த்தால் சாக்கைக் காணவில்லை. அதற்குப் பதில் ஒரு பெரிய பிஸ்கட் டின். மூடி போட்டு, வெள்ளைத் துணியால் சுற்றி, முடிச்சுக்கூட அழகாகப் போட்டிருந்தது. எங்கள் பக்கத்து மாமிமார் மருமகனுக்கு முன்னால் வரமாட்டார்கள். திரைக்குப் பின்னால் இருந்துதான் மாமியின் குரல் வந்தது.

"மருமகன், சாக்கோட கொண்டு போனா நல்லாவா இரிக்கும்? அதான் டின்னுல போட்டன்."

என்ன அக்கறை! நெஞ்சு குளிர்ந்து போனேன். முட்டையைக் குடித்துவிட்டு, டின்னை மடியில் வைத்துக்கொண்டு அம்பாறை பஸ் ஏறினேன். நேற்றைக்குச் சைக்கிளைச் சாய்த்த மண் இன்றைக்கு ஏன் மடியில் அடங்குகிறது என்று ஒரு நிமிசமாவது யோசித்தேனா? இல்லை. இங்கிலீசு படித்தவன் அல்லவா.

கந்தோரில் மீற்றர் வந்திருந்தது. சாம்பல் நிறப் பெட்டி, மேலே கைபிடி, வயரில் தொங்கும் ஒரு குழாய். மற்ற மேசைக்காரர்களும் சுற்றி நின்றார்கள். தங்கராசா ஐயா புது மாப்பிள்ளைக்கு மாலை போடுவது போல மீற்றரின் பட்டியை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

"திறங்க தம்பி."

முடிச்சை அவிழ்த்தேன். மூடியைத் திறந்தேன்.

உள்ளே வெள்ளை மண். சும்மா வெள்ளை இல்லை, இடியப்ப மா மாதிரி வெள்ளை!

ஐயா குழாயைப் பிடித்தார். மீற்றர் வாயே திறக்கவில்லை. பெட்டியைத் தட்டிப் பார்த்தார். அப்போதும் இல்லை.

"தம்பி, இதுவா கறுப்பு மண்?"

"நேத்து கறுப்பாத்தான் இரிந்திச்சி ஐயா..."

சுற்றி நின்றவர்கள் சிரித்த சிரிப்புக்குச் சிங்களம் தெரிய வேண்டியதில்லை.

நல்ல மனிதர், கோபிக்கவில்லை. "சாம்பிள் சரிவராது. வெள்ளிக்கிழமை நானே மீற்றரோட வாறன். எனக்கும் வீட்டுக்குக் கிட்டத்தானே" என்றார்.

பாய்ந்து விழுந்து வீட்டுக்கு வந்தேன்.

"மாமி! மண்ண என்ன செஞ்சீங்க?"

"என்ன செய்யிற? அரிச்சன்."

"அரிச்சீங்களா!"

"அந்த ஊத்தையோட கந்தோருக்குக் குடுத்தா நம்மட வீட்டப் பத்தி என்ன நெனைப்பாங்க? அரிக்கன் சட்டில போட்டுப் பல தண்ணில அரிச்சி எடுத்தன். அரிசில கல் அரிக்கிற மாதிரித்தான். கறுப்பெல்லாம் அடியில தங்கிட்டு. கை ஓஞ்சி போச்சி மருமகன்!"

கொழும்புக் கொம்பனிக்காரன் மெசின் வைத்துப் பிரிக்கிற சாமானை என் மாமி அரிக்கன் சட்டியில் பிரித்திருக்கிறார். பிரித்து, வேண்டியதை வீசிவிட்டு வேண்டாததை டின்னில் கட்டித் தந்திருக்கிறார்.

"அந்தக் கறுப்பு எங்க மாமி?"

"அத்திவாரக் குழில கொட்டிட்டன். குழியும் தூர்ந்த மாதிரி ஆச்சி."

போனது போகட்டும், வெள்ளிக்கிழமை ஐயா நேரில் வந்தால் கடற்கரை முழுக்கக் காட்டலாம் என்று மனதைத் தேற்றினேன். வியாழக்கிழமை கடல் பொங்கியது. கரையில் கிடந்த கறுப்பை எல்லாம் வாரிக்கொண்டு போய், வெள்ளை மண்ணைக் கொண்டுவந்து அழகாகப் பரவிவிட்டுப் போனது. கடலுக்கும் என் மாமிக்கும் ஏதோ பேச்சுவார்த்தை இருந்திருக்க வேண்டும்.

வெள்ளிக்கிழமை தங்கராசா ஐயாவும் நானும் கரையோரம் மாளிகைக்காடு எல்லை வரை நடந்தோம். மீற்றர் ஒரு தரம்கூடக் கத்தவில்லை. மீன்காரர்கள்தான் கத்தினார்கள். "என்ன மாப்புள, குண்டு தொலைஞ்சி போச்சா?"

முன்னறை ஃபேன் என் கண்முன்னே மெல்லச் சுழன்று நின்றது. அழாக்குறைதான்.

"பரவாயில்ல ஐயா, வந்ததுக்கு வீட்ட ஒரு வாய் சாப்பிட்டுப் போங்க" என்றேன். மாமி கோழி அறுத்து நெய்ச்சோறு ஆக்கியிருந்தார்.

வாசலில் ஐயா வாசம் பிடித்தார். "தம்பி, இண்டைக்கு வெள்ளிக்கிழமை. நான் மரக்கறி மட்டும்தான்."

பக்கத்து ஊர்க்காரன் எனக்கு இது தெரியாதா? தெரியும். மாமியிடம் சொல்லத்தான் மறந்துவிட்டேன். திரைக்குப் பின்னால் சட்டிகள் கோபமாக முட்டிக்கொண்டன. கத்தரிக்காய், பருப்பு என்று மாமி புதிதாக அடுப்பு மூட்டினார். மாமா ஜும்ஆத் தொழுகைக்குப் போய்விட்டார். விருந்தாளியைத் தனியே விடக்கூடாது என்று நான் நின்றுகொண்டேன்.

"சமைக்கட்டும், அதுக்குள்ள உங்கட வளவப் பாப்பம்" என்று ஐயா பின்பக்கம் நடந்தார். தோளில் மீற்றர்.

கிணற்றைத் தாண்டினோம். முருங்கையைத் தாண்டினோம். அத்திவாரக் குழிக்குக் கிட்டப் போனதும்...

டிக். டிக். டிக் டிக் டிக்!

ஐயா துள்ளி நின்றார். குழாயைக் குழிக்குள் நீட்டினார். சோளம் பொரிகிற மாதிரிச் சத்தம்.

"தம்பி! இங்கதான் இரிக்கி!"

"ஐயா, அது மாமி அரிச்சிக் கொட்டினது!"

"யாரு கொட்டினா எண்டு மீற்றருக்குத் தெரியுமா? கடற்கரையில ஒண்டும் காட்டல்ல. இங்க காட்டுது. நான் எங்க எண்டு எழுதுற?"

மனிதரின் முகத்தில் அப்படியொரு சந்தோசம். புது அதிகாரம் வந்து அவர் எழுதப்போகிற முதல் பெர்மிட்! அதைக் கெடுக்க எனக்கும் மனம் வரவில்லை. கத்தரிக்காய்க் கறியோடு சோற்றைச் சாப்பிட்டுவிட்டு, எங்கள் விறாந்தையில் இருந்தே எழுதிக் கையெழுத்துப் போட்டார். கறுப்பு மண் எடுக்க அனுமதி, பின்வளவு அத்திவாரக் குழிக்கு மட்டும்.

ஜும்ஆ முடிந்து வந்த மாமா அதைக் கேட்டுவிட்டுத் தொப்பியைக் கழற்றினார்.

"ஐயா, கடற்கரைக்கு?"

"இடம் மாத்துற அதிகாரம் இன்னும் கொழும்புலதான்."

"சரி, இந்தக் குழிக்கு மேல வீடு கட்டலாம்தானே?"

"சாமானை அள்ளி எடுத்த பிறகு கட்டலாம்."

ஐயா சொல்லி முடிக்கவில்லை, மாமி மம்பட்டியோடு வந்து இறங்கிவிட்டார். கறுப்பை ஒரு குறுணி விடாமல் வழித்துச் சாக்கில் போட்டுக் கட்டினார். அரசாங்க அனுமதியோடு எங்கள் மாவட்டத்தில் நடந்த முதல் அகழ்வு அதுவாகத்தான் இருக்கும்.

"அள்ளியாச்சி. இனிக் கட்டலாமா?" என்று மாமி திரை, கதவு ஒன்றும் இல்லாமல் நேருக்கு நேராகவே கேட்டார்.

ஐயா தலையைச் சொறிந்தார். "அள்ளி முடிஞ்சிது எண்டு ஒரு ஆள் வந்து பாத்து எழுதணும். அந்த அதிகாரம் எனக்கு இன்னும் வரல்ல. அது..."

"கொழும்பு" என்றோம் எல்லோரும் ஒன்றாக.

நான் திரும்பவும் கொழும்புக்குப் போனேன். குமரைக் கரைசேர்த்த அதே கிளாக்கர், "ஆள் வருவார் தம்பி, கவலைப்படாதீங்க" என்றார். அந்த ஆள் வருவதற்குள் கலியாணம் வந்துவிட்டது. லொறி வரவில்லை. வீடு எழும்பவில்லை. கலியாணத்தன்று இரவு முன்னறை மேசை ஃபேனை நானே தூக்கி, புது மாப்பிள்ளையான சகலனின் தலைமாட்டில் வைத்து, சுவிட்சையும் போட்டுக் காட்டினேன்.

மாமா பெர்மிட்டுக்குக் கண்ணாடிச் சட்டம் போட்டு எங்கள் தேங்காய் அறையில் மாட்டிவிட்டார். எவ்வளவு அலைந்து எடுத்தது, வீசவும் முடியாதாம்.

மறுநாள் விடிய வழக்கம்போல் மேசையில் போய் உட்கார்ந்தேன். பிளேன்டீ வந்தது. வேறு ஒன்றும் வரவில்லை.

"மாமி, முட்ட?"

திரைக்குப் பின்னால் இருந்து குரல் மட்டும் வந்தது.

"குறை நினைக்காதீங்க மருமகன். கோழி ஒரு முட்டதான் இட்டிரிக்கி. அத முன்னறைக்கு அனுப்பிட்டன்."

அந்த அதிகாரமும் கைமாறிவிட்டது.