கணக்கப்புள்ள நிறுத்த நீலப் பை

திருச்சியில் அது கடைசி சாயங்காலம். இலங்கையின் லிந்துலைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து கோயில் கோயிலாகச் சுற்ற வந்த கூட்டம் லாட்ஜ் மாடியில் மூட்டை கட்டிக்கொண்டிருந்தது. விடிந்தால் கொழும்புக்கு விமானம். கணக்கப்புள்ள அழகுமுத்துவுக்கு மட்டும் இருப்புக்கொள்ளவில்லை. உட்கார்ந்தார், எழுந்தார், ஜன்னலுக்குப் போய் மலைக்கோட்டையைப் பார்த்தார். "கடைசியா ஒரு தடவ கடைத்தெருவுக்குப் போவமா?" என்று கேட்டவர்கள் மீதும் எரிந்து விழுந்தார்.

எல்லாம் சாமான் கவலைதான். விமானத்தில் ஆளுக்கு முப்பது கிலோ. புருஷன் பெண்டாட்டிக்கு ஒரு சிவப்புப் பை, ஒரு நீலப் பை. துணிமணி, குத்துவிளக்கு, பஞ்சாமிர்தம் எல்லாம் போக ஒரே ஒரு கனமான சாமானுக்குத்தான் இடம் என்று அவரே மனசுக்குள் கணக்குப் போட்டுவிட்டார். இருந்ததோ இரண்டு. ஒன்று, பெண்டாட்டி பூரணி ஆசைப்பட்டு வாங்கிய கிரைண்டர். இன்னொன்று, அவர் உயிரையே வைத்திருந்த ஸ்பீக்கர் பெட்டி, மைக்கோடு. அம்மன் திருவிழாவில் தோட்டமே அதிரப் பாடப்போகிறார். அவர் பாடினால் தோட்டம் என்ன ஆகும் என்பது பூரணிக்குத் தெரியும்.

"பூரணி, கிரைண்டர நீலப் பையில வையி. நான் போயி தராசு வாங்கிட்டு வர்றேன். நிறுத்துப் பாத்துருவோம்."

"நீங்க நிறுத்தா சரியாத்தாங்க இருக்கும்" என்றாள் பூரணி.

அழகுமுத்து தோட்டத்தில் கொழுந்து நிறுப்பவர். தராசு முள் ஆடி நிற்பதற்குள் எண்ணைக் கத்திவிடுவார். ஈரத்துக்கு, சாக்குக்கு என்று கழித்தும்விடுவார். கொழுந்து பறிக்கிற பூரணிக்கும் அதே கழிவுதான். பெண்டாட்டி என்று பாரபட்சம் பார்க்காத மகா நேர்மையாளர்!

தெருமுனைப் பழைய இரும்புக் கடையில் கெஞ்சிக் கூத்தாடி ஒரு தொங்கு தராசை இரவல் வாங்கி வந்து ஜன்னல் கம்பியில் மாட்டினார். கொழுந்து பறிக்கிற பெண்கள் அத்தனை பேரும் வேடிக்கை பார்க்கக் கூடிவிட்டார்கள்.

முதலில் சிவப்புப் பை. நிதானமாகப் பார்த்தார். "இருபத்தொம்பது. சரி." பஞ்சாமிர்தம் இவ்வளவு கனமா என்று ஒரு நிமிஷம் யோசித்தார். சாமி காரியம், கனமாகத்தான் இருக்கும்.

அடுத்தது நீலப் பை. பூரணியும் பக்கத்து லயத்து வீட்டு மீனம்மாவும் முக்கி முனகித் தூக்கி மாட்டினார்கள். அழகுமுத்து தராசை மறைத்துக்கொண்டு நின்றார். முள்ளைப் பார்க்கவேயில்லை. முடிவு பண்ணின பிறகு முள் என்னத்துக்கு?

"முப்பத்தாறு!"

"ஐயையோ! ஆறு கிலோ கூடவா?" என்றாள் மீனம்மா.

"நான் என்ன பண்றது? தராசு சொல்லுது. பூரணி, மனசத் தேத்திக்க. கிரைண்டர எடுத்துரு."

"எந்த கிரைண்டருங்க?"

"இந்தப் பையில இருக்கிற கிரைண்டருதான்!"

"அது சிவப்புப் பையில இருக்கே. இப்பத்தானே சரின்னு சொன்னீங்க?"

அழகுமுத்து பையைத் திரும்பிப் பார்த்தார். "அப்ப... இதுல என்னா இருக்கு?"

பூரணி ஜிப்பை இழுத்தாள். அவருடைய நாலு சட்டை, இரண்டு சாரம், அவளுடைய சேலைகள். நடுவில் பொம்மென்று லாட்ஜ்காரனின் இரண்டு தலையணை.

கூட்டம் வாயைப் பொத்திக்கொண்டது. ஒருத்திக்கும் சிரிக்கத் தைரியமில்லை. நாளைக்கு மறுநாள் இவரிடம்தானே கொழுந்து போடவேண்டும்? ஆனால் எல்லார் கண்ணும் அவர் மேலேயே இருந்தது. பத்து கிலோகூடத் தேறாத பை அது. ஸ்பீக்கர் தாராளமாகப் போகும். வாயைத் திறந்து அதைச் சொன்னால் போதும். சொன்னால், இத்தனை வருஷமாக நிறுத்த கொழுந்துக்கெல்லாம் பதில் சொல்லவேண்டும்.

பூரணி தலையணை இரண்டையும் எடுத்துக் கட்டிலில் போட்டாள். "ஆறு கிலோ கொறையணுமில்ல? இப்ப நிறுத்துச் சொல்லுங்க."

அழகுமுத்து முள்ளைப் பார்த்தார். ஸ்பீக்கரைப் பார்த்தார். மீனம்மாவைப் பார்த்தார்.

"முப்பது" என்றார், செத்த குரலில்.

"கச்சிதம்! கணக்கப்புள்ள நிறுத்தா நிறுத்ததுதான்" என்றாள் மீனம்மா. "ஸ்பீக்கருக்குத்தான் எடமில்லாம போச்சு, பாவம்."

விடிகாலை வேன் வந்தது. ஸ்பீக்கர் லாட்ஜ் மேனேஜர் மேசையில் ஏறி உட்கார்ந்திருந்தது. அழகுமுத்து நீலப் பையை எடுக்கக் குனிந்தார். பூரணி முந்திக்கொண்டு அதை ஒற்றை விரலில் மாட்டித் தூக்கினாள்.

"கனமான முப்பது கிலோவ நான் எடுத்துக்கறேங்க. உங்களுக்கு இடுப்பு வலி வேற. நீங்க அந்த இருபத்தொம்பதத் தூக்கிட்டு வாங்க."