கண்ணாடி வைத்த பெட்டி

புதுக் கருவி வாங்குகிறவன் கருவியை மட்டும்தான் வாங்குகிறான். பழையது வாங்குகிறவன், அது அதுவரை என்ன வேலை பார்த்ததோ அதையும் சேர்த்து வீட்டுக்குக் கொண்டுவருகிறான். இந்த ஞானம் எனக்குச் சும்மா வரவில்லை. முன்பின் தெரியாத ஒரு சீனர் வீட்டுக் கூடத்தில், ஒரு பெட்டியின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டு, இறங்கமாட்டேன் என்று நான் அடம்பிடித்த நாளில் வந்தது.

அப்போது ரப்பர் விலை விழுந்து தோட்டங்களில் ஆள் குறைத்துக்கொண்டிருந்தார்கள். தோட்டத்துத் தச்சுவேலை போனதும், நானும் என் மனைவியின் தம்பி தங்கவேலுவும் செனாய்க் கடைத்தெருவின் கோடியில் ஓர் அத்தாப்பு ஓலைக் கொட்டகை பிடித்து மரச்சாமான் கடை போடத் துணிந்தோம். கடை இருந்தது, கருவிதான் இல்லை.

தங்கவேலு புதிதுதான் வாங்க வேண்டும் என்றான். சீமையிலிருந்து வந்த கடைசல் இயந்திரம் ஒன்றை, காலால் மிதித்துச் சுற்றுவது, சிங்கப்பூர்க் கடை ஒன்றில் பார்த்துவிட்டு வந்திருந்தான். அன்றிலிருந்து தூங்கும்போதுகூடக் காலை ஆட்டிக்கொண்டிருந்தான். நானோ பழையதின் கட்சி. காரணம் சிக்கனம் இல்லை, தலைக்கனம். புது இரும்பை யாரும் வாங்கிவிடலாம்; பழைய இரும்பைத் தட்டிப் பார்த்தே அதன் ஜாதகத்தைச் சொல்ல என் ஒருவனால்தான் முடியும் என்று நம்பிக்கொண்டிருந்த வயது அது.

ஜொகூர் பாருவில் நம் ஆள் ஒருவரின் பழைய சாமான் கடை இருந்தது. அங்கே ஒரு முழுப் பட்டறையே மூலையில் கிடந்தது. இழைப்புளிகள், ரம்பங்கள், உளிகள், கையால் சுற்றித் துளை போடும் இயந்திரம் ஒன்று. நான் ஓர் உளியை எடுத்துத் தட்டி, காதருகே வைத்து, கண்ணை மூடிக் கேட்டேன். (என்ன கேட்டது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.)

"ஒரு சீனத் தச்சரோடதுங்க. வயசாகி ஊருக்கே கப்பலேறிட்டாரு. பெட்டி செய்றவரு," என்றார் கடைக்காரர்.

"பெட்டி செய்றவன் கருவியா! மூட்டு வேலை சுத்தமா இருக்குமே!"

"ஆமாங்க, ஆனா என்ன பெட்டின்னா..."

நான் கையைக் காட்டி அவரை நிறுத்தினேன். "இரும்பைப் பத்தி எனக்கே சொல்றீங்களா?"

அவர் கருவிகளைக் கட்டிக் கொடுத்தார். அதோடு, கறுப்பு அரக்குப் பூச்சில் பொன்னெழுத்துப் பொறித்த ஒரு நீளப் பலகையையும் இலவசமாகத் தூக்கிக் கொடுத்தார். அவ்வளவு அவசரமாக ஏன் கொடுத்தார் என்று நான் யோசிக்கவில்லை.

"மச்சான், இதுல என்ன எழுதியிருக்கு?" என்றான் தங்கவேலு.

"எழுத்து அழகா இருக்குலா. வாசல்ல மாட்டுவோம். சீனக்காரங்க தேடி வருவாங்க."

மாட்டினோம். யாரும் தேடி வரவில்லை. கடைக்கு நேரே வந்ததும் சீனர்கள் தெருவின் அந்தப் பக்கம் போய் நடந்தார்கள். சிலர் தலைகுனிந்தபடி வேகமாகக் கடந்தார்கள். மரியாதை என்று நினைத்தேன். எதிரிலிருந்த சீனக் காப்பிக்கடைக்காரர் என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டு, எங்கள் கடையைப் பார்த்தாற்போல் தம் வாசலின் மேல் சிறு கண்ணாடி ஒன்றை மாட்டினார். வாடிக்கையாளர்மேல் எவ்வளவு அக்கறை என்று மெச்சி, தினமும் காலையில் அதன் கீழே நுனிக்காலில் நின்று தலை சீவிக்கொண்டேன்.

கருவிகளைப் பற்றி மட்டும் ஒரு குறையும் சொல்ல முடியாது. இழைப்புளி வெண்ணெயில் போவதுபோல் மரத்தில் போயிற்று. ஆனால் இழைக்க வேலை வேண்டுமே! வாடகை கொடுக்கவே தடுமாறினோம். "இந்த மாசம் ஒண்ணும் வரலேன்னா நான் காஹாங் பக்கம் மரம் வெட்டப் போயிடுறேன்," என்று தங்கவேலு சொல்லிவிட்டான்.

அந்த நேரத்தில்தான் அன்னாசித் தோட்டத்துச் சீனர் ஒருவர் வந்தார். என்னைவிடச் சற்று மூத்தவர். கண் சிவந்திருந்தது. கையில் ஒரு மூங்கில் குச்சி. மலாயில் மெதுவாகப் பேசினார். (அவர் சொன்னதைத் தமிழில் தருகிறேன். பெட்டிக்கு மலாயிலும் 'பெத்தி'தான், அதுதான் வினையே.)

"தச்சரே, என் அப்பாவுக்கு ஒரு பெட்டி வேண்டும்."

"தாராளமாக! என்ன அளவு?"

குச்சியை நீட்டினார். "இந்த நீளம். கனத்த பலகை. மூடினால் தண்ணீர், காற்று எதுவும் உள்ளே போகக்கூடாது. சீக்கிரம் வேண்டும்."

பட்டுத் துணி நிறைய வைத்திருக்கும் பெரியவர்போல என்று நினைத்தேன். "அப்பா எங்கேயாவது பயணமா?" என்று சிரித்துக்கொண்டே கேட்டேன்.

அவர் என்னை நெடுநேரம் பார்த்தார். "ஆமாம்," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

முதல் பெரிய வேலை. உயிரைக் கொடுத்துச் செய்தேன். அவர் கேட்டதைச் செய்ததோடு நின்றிருந்தால் இந்தக் கதையே இல்லை. கேட்காததையும் செய்தேன். சட்டை மாட்ட வரிசையாகக் கொக்கி. செருப்புக்குத் தனி அறை. மூடியின் முகப்பில் முத்தமிடும் இரண்டு கிளிகள். பித்தளைப் பூட்டு. சீனர்களுக்குக் கண்ணாடி என்றால் பிரியம் என்று காப்பிக்கடையில் கண்டுகொண்டேன் அல்லவா, மூடியின் உட்புறம் முழுநீளத்துக்கு ஒரு கண்ணாடி.

கீறல் விழாமலிருக்கப் பெட்டியைச் சாக்கால் சுற்றி மாட்டுவண்டியில் ஏற்றினோம். சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, வெற்றிலை பாக்கு பழத்தட்டோடு நான் முன்னால் உட்கார்ந்தேன். அன்னாசித் தோட்டத்துக்குள் வண்டி நுழைந்ததும் வீட்டு வாசலில் நின்ற பெண்கள் ஓவென்று அழ ஆரம்பித்தார்கள்.

"மச்சான், இது சாவு வீடு மாதிரி இருக்கு," என்றான் தங்கவேலு தாழ்ந்த குரலில்.

"பாவம், நாம நேரங்கெட்ட நேரத்துல வந்துட்டோம். பெட்டியை நாளைக்குக் கொண்டுவரலாம்."

திரும்ப விடவில்லை. நாலைந்து பேர் பெட்டியை இறக்கிக் கூடத்துக்குத் தூக்கிப் போனார்கள். அங்கே பலகைக் கட்டிலில் ஒரு முதியவர் கண்மூடிக் கிடந்தார். மெழுகுபோல் மஞ்சளித்த முகம். மகன் அந்த மூங்கில் குச்சியை எடுத்து முதலில் அப்பா பக்கத்தில் வைத்தார். தலை முதல் கால் வரை சரியாக இருந்தது. பிறகு பெட்டியின் மேல் வைத்தார். அதற்கும் சரியாக இருந்தது.

என் கையிலிருந்த தட்டு சாய்ந்து வாழைப்பழங்கள் ஒவ்வொன்றாகத் தரையில் விழுந்தன. மகன் சாக்கைப் பிரிக்கக் குனிந்தார். எனக்குத் தோன்றியது ஒரே வழிதான். ஓடிப்போய்ப் பெட்டியின் மேல் ஏறி உட்கார்ந்துவிட்டேன்.

"எழுந்திரு," என்றார் அவர்.

"மாட்டேன். இன்னும் வேலை பாக்கி இருக்கிறது."

இருவர் என்னைத் தோளைப் பிடித்துத் தூக்கி ஓரமாக வைத்தார்கள். சாக்கு விலகியது. கிளிகளைப் பார்த்து அவர் புருவம் உயர்ந்தது. பிறகு பூட்டைப் பார்த்தார்.

"இதற்கு எதற்குப் பூட்டு? யார் வெளியே வரப்போகிறார்கள்?"

"சாவி... சாவி காணோம்," என்றேன்.

"உங்க இடுப்புல இருக்கே மச்சான்!" என்று அந்த உத்தமன் எடுத்தே கொடுத்துவிட்டான்.

மூடி திறந்தது. சவப்பெட்டிக்குள் எட்டிப் பார்த்த மகன், மேலிருந்து தன் முகமே தன்னைப் பார்ப்பதைக் கண்டு 'ஐயோ' என்று பின்னால் விழுந்தார். பெண்கள் வீறிட்டார்கள்.

"உன் கடைப் பலகையில் சவப்பெட்டிக்கடை என்றுதானே எழுதியிருக்கிறது!" என்று தரையில் கிடந்தபடியே கத்தினார்.

"அலமாக்!" என்றான் தங்கவேலு.

அப்போதுதான் கட்டிலில் கிடந்த பிணம் கண் திறந்தது. நான் தங்கவேலுவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு முருகா முருகா என்று அலறினேன். அவர் பிணமே இல்லை. வைத்தியர் கைவிட்டதால், ஆள் இருக்கும்போதே பெட்டியைத் தயார் செய்யச் சொல்லியிருக்கிறார்கள். எனக்கு அது எப்படித் தெரியும்?

முதியவர் தலையைத் திருப்பிப் பெட்டிக்குள் பார்த்தார். ஒரு விரலைத் தூக்கினார். "அந்தக் கொக்கி எதற்கு?"

"சட்டை மாட்ட, தவுக்கே," என்று முதலாளியை அழைப்பதுபோல் பணிவாகச் சொன்னேன். குரல் எலி கத்துவதுபோல் வந்தது.

"அந்த அறை?"

"செருப்பு."

"கண்ணாடி?"

"தலை... தலை சீவிக்கொள்ள."

அவர் தலையில் ஒரு முடி இல்லை என்பதை அப்போதுதான் கவனித்தேன். இப்போது அடிக்கப்போகிறார்கள் என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

கரகரவென்று ஏதோ கேட்டது. முதியவர் சிரித்துக்கொண்டிருந்தார். சிரிப்பு இருமலாகி, இருமலில் நெஞ்சிலிருந்த சளியெல்லாம் வெளியே வந்து, மருமகள் முதுகைப் பிடித்து நிமிர்த்தி உட்கார வைத்தாள். "இத்தனை சட்டையோடு என்னை எங்கே அனுப்பப் பார்க்கிறாய்?" என்று மகனைக் கேட்டார். பிறகு கஞ்சி கேட்டார். இரண்டு வாரமாகப் பச்சைத் தண்ணீர்கூட ஒழுங்காக இறங்காதவராம்.

கடைக்குத் திரும்பியதும் முதல் வேலையாகப் பலகையைக் கழற்றினேன். எதிர்க் காப்பிக்கடைக்காரரும் தம் கண்ணாடியைக் கழற்றினார். கெட்டது தம் கடைக்குள் வராமல் திருப்பி அனுப்ப மாட்டியதாம். "உனக்குத் தெரியும் என்றல்லவா நினைத்தேன்!" என்றார். அதில் நான் தலை சீவியதைப் பற்றி மட்டும் இருவரும் பேசவில்லை.

பெட்டி திரும்பி வரவில்லை. முதியவர் அதில் தம் சட்டைகளை மாட்டிக்கொண்டு பல வருஷம் திடமாக இருந்தார். போகிற வருகிறவர்களிடமெல்லாம், சாவே அந்தக் கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்துப் பயந்து ஓடிவிட்டது என்று சொல்லிவைத்தார். அதற்குப் பிறகு உலு திராம் வரையிலிருந்து ஆள் வந்தது. வீட்டில் யாராவது பெரியவர் படுத்துவிட்டால், குச்சியில் அளவெடுத்துக்கொண்டு, "தச்சரே, கண்ணாடி வைத்த சட்டைப் பெட்டி ஒன்று," என்பார்கள். செய்து கொடுப்பேன். தங்கவேலுவின் கடைசல் இயந்திரமும் அந்த வருமானத்தில்தான் வந்தது. அது சுற்றி வந்த எண்ணெய்க் காகிதத்தை அவனே தன் கையால் பிரித்தான்.

எங்கள் வீட்டில் மட்டும் அன்றிலிருந்து யாரும் நிம்மதியாக நோயில் படுக்க முடிவதில்லை. போன மழைக்காலத்தில் எனக்கே காய்ச்சல். சாப்பாடு வேண்டாம் என்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தேன். என் மனைவி வந்து தலைமாட்டில் நின்றாள். பிறகு ஏதோ நீளமான பொருள் ஒன்று என் முதுகோடு ஒட்டினாற்போல் படுக்கையில் விழுந்தது. திரும்பிப் பார்த்தேன். மூங்கில் குச்சி.

"ஒண்ணுமில்லீங்க, அளவு சரியா இருக்கான்னு பாத்தேன்," என்றாள்.

எழுந்து உட்கார்ந்து, ஒரு கிண்ணம் கஞ்சி முழுவதையும் குடித்தேன்.