'ம்' என்றால் காதில் விழுந்தது என்று அர்த்தம்

மதிப்பிற்குரிய சித்தப்பா அவர்களுக்கு, உங்கள் அண்ணன் மகள் எழுதுவது.

இங்கே நான் நலம், மேனேஜருக்குத்தான் பல்வலி. அங்கே உங்கள் முட்டிவலியும் சித்தியின் கோபமும் தணிந்து, கட்டில் பட்டறையில் வெல்டிங் சத்தம் ஓயாமல் கேட்கட்டும். போனில் சொல்ல வேண்டியதை ஏன் கடிதமாக எழுதுகிறாள் என்று நினைப்பீர்கள். நீங்கள் மூச்சு விடும் இடைவெளியில்தான் நான் பேச முடியும். உங்களுக்கு நல்ல நுரையீரல்.

ஞாயிற்றுக்கிழமை நீங்கள் பேசியதைப் பற்றித்தான் இது. பட்டறை மாடியில் கம்ப்யூட்டர் வகுப்பு தொடங்குகிறீர்கள், நான் வேலையை விட்டுவிட்டு வந்து அதற்கு முதல்வராக உட்கார வேண்டும், போர்டு எழுதியாகிவிட்டது, குடும்பத்திலேயே முதல் பட்டம் என்பதால் என் பெயரைவிடப் பட்டத்தைப் பெரிதாகப் போடச் சொல்லியிருக்கிறீர்கள் என்றெல்லாம் சொன்னீர்கள். ஒவ்வொன்றுக்கும் நான் "ம்" என்றேன். போனை வைக்கும்முன் சித்தியிடம், "பாத்தியா, ஒரு வார்த்தை மறுத்துப் பேசலை, தங்கமான பொண்ணு" என்று நீங்கள் சொன்னதும் கேட்டது. அதற்கும் "ம்" என்றேன், பழக்கதோஷம்.

இதற்குப் பதில் சொல்லும்முன் நேற்று என் வேலையில் நடந்ததைச் சொல்லியாக வேண்டும். ஒரு பெரிய கணக்கைப் பல கம்ப்யூட்டர்கள் பங்கு போட்டு ஒரே நேரத்தில் செய்வதுதான் எங்கள் பிழைப்பு. உங்கள் பட்டறையில் ஒருவர் குழாய் அறுக்க, ஒருவர் பற்றவைக்க, ஒருவர் பெயிண்ட் அடிப்பது மாதிரி. அந்தக் கம்ப்யூட்டர்கள் தங்களுக்குள் எப்படிப் பேசிக்கொள்ள வேண்டும் என்பதற்கு ஒரு விதிப்புத்தகம் உண்டு. எல்லாக் கம்பெனிகளும் அதன்படிதான் நடக்கும். அதில் ஒரு விதியை மாற்றலாமா என்று எல்லாக் கம்பெனிக்காரர்களும் பேசும் கூட்டத்துக்கு மேனேஜர் போக வேண்டியது, பல்வலியால் என்னை அனுப்பினார். "நீ ஒண்ணும் பேச வேண்டாம்மா, மாத்தணும்னு ஓட்டு மட்டும் போட்டுட்டு வா" என்றார். பேச வேண்டாம் என்றதும் சம்பளம் உயர்ந்தது போல் இருந்தது எனக்கு.

விதி இதுதான். ஒரு கம்ப்யூட்டர் இன்னொன்றுக்கு வேலை அனுப்பினால், அது "ம்" என்பது போல ஒரு சின்னப் பதில் அனுப்பும். பழைய விதிப்படி அந்த "ம்" வந்தாலே வேலையை ஏற்றுக்கொண்டதாக அர்த்தம். புது விதிப்படி "ம்" என்றால் காதில் விழுந்தது, அவ்வளவுதான். ஏற்றுக்கொண்டேன் என்று தனியாகச் சொல்லும்வரை காத்திருக்க வேண்டும். இதுக்கு நாள் முழுக்கச் சண்டை சித்தப்பா. தாடிக்காரர் ஒருத்தர், எங்க புரோகிராம் எல்லாம் பழைய விதியை நம்பித்தான் ஓடுது, மாத்தினா வேகம் போயிடும், காத்திருக்க யாருக்கு நேரமிருக்குங்கிறார். கண்ணாடி போட்ட ஒரு அம்மா, நீங்க வேகமாத்தான் ஓடுறீங்க, வேலை பாதி வழியில தொலைஞ்சுபோகுது, எங்க ஆளுங்கதான் தேடி அலையறாங்கங்கிறாங்க. நடுவுல "காத்திருக்கலாம்"னு எழுதறதா "காத்திருக்க வேண்டும்"னு எழுதறதான்னு டீ ஆறிப்போற வரைக்கும் பேச்சு. ஏசி காத்து நேரா என் கழுத்துல, எழுந்து இடம் மாறினா எல்லாரும் பார்ப்பாங்களேன்னு விறைச்சுப்போய் உட்கார்ந்திருந்தேன். கடைசியில் தலைவர் ஒவ்வொரு கம்பெனியாகக் கேட்டுக்கொண்டு வந்தார். என் முறை வந்ததும், புதுசா வந்த பெண்ணாயிற்றே என்று, பழைய விதியே இருக்கட்டும் என்பவர்களின் கட்சியை முதலில் விளக்க ஆரம்பித்தார். மரியாதைக்கு "ம்" என்றேன். பக்கத்தில் இருந்த செயலாளர் அதை ஓட்டாக எழுதிக்கொண்டு அடுத்தவரிடம் போய்விட்டார். எண்ணிப் பார்த்தால் பழைய விதி ஒரே ஒரு ஓட்டில் ஜெயித்திருந்தது.

அந்த ஓட்டு என்னுடையது. மேனேஜரின் வீங்கிய கன்னம் கண்முன் வந்தது. எழுந்தேன். நாற்காலி கிறீச்சிட்டதில் எல்லாரும் திரும்பிவிட்டார்கள், இனி உட்காரவும் வழியில்லை.

"சார், நான் ம்னு சொன்னது, நீங்க சொன்னது கேட்டுச்சுன்னு. சரின்னு சொல்லலை."

கண்ணாடி அம்மா மேசையைத் தட்டினார். "காலைலேருந்து நானும் இதைத்தானேம்மா சொல்லிட்டிருக்கேன்."

"அப்ப வாயைத் திறந்து தெளிவா சொல்லியிருக்கணும்ல?" என்றார் தாடிக்காரர்.

"அதைத்தான் சார் விதியாப் போடச் சொல்றாங்க" என்றேன். அது என் குரல்தான் என்று நம்பக் கொஞ்ச நேரம் ஆயிற்று. இந்த முறை கையைத் தூக்கச் சொல்லி மறுபடி ஓட்டெடுத்து, புது விதி நிறைவேறியது. தாடிக்காரர் கடைசிவரை கையைத் தூக்கவில்லை. ஆனால் பிஸ்கட் தட்டை என் பக்கம் நகர்த்தினார்.

ஆகவே சித்தப்பா, ஞாயிற்றுக்கிழமை நான் சொன்ன "ம்" எல்லாம் காதில் விழுந்ததற்கு மட்டும்தான். நான் வரவில்லை. இந்த வேலை எனக்குப் பிடித்திருக்கிறது. நம் வீட்டில்கூட நான் அப்படி எழுந்து நின்று பேசியதில்லை. வகுப்பு நடத்த வேறு நல்ல ஆள் கிடைப்பார். போர்டையும் வீணாக்க வேண்டாம். பட்டத்தை அப்படியே விட்டுவிட்டு என் பெயரை மட்டும் அழித்தால் போதும், சின்னதாகத்தானே இருக்கிறது.

சித்திக்கு என் வணக்கம், குழந்தைகளுக்கு முத்தம். கோபித்துக்கொண்டாலும் ஆசீர்வாதத்தை நிறுத்திவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளும்,

அண்ணன் மகள்

பி.கு.: உறையை ஒட்டும்போது உங்கள் போன் வந்தது. எல்லாவற்றையும் வாயாலேயே சொல்லிவிடலாம் என்று துணிந்துதான் எடுத்தேன். திறப்பு விழாவுக்கு நாள் பார்த்தாயிற்று, எனக்கு பஸ் டிக்கெட் போட்டாயிற்று, ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு நாளைக்கே கிளம்பு என்றீர்கள். "ம்" என்றேன். ராஜினாமா எழுதவில்லை, இரண்டு நாள் லீவுதான் எழுதியிருக்கிறேன். இந்தக் கடிதத்துக்கு முன்னால் நான் வந்துவிடுவேன் போலிருக்கிறது. தபால்காரரிடம் நானே வாங்கி உங்கள் கையில் கொடுத்துவிட்டு எதிரிலேயே நிற்கிறேன். படித்து முடித்துவிட்டு "ம்" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.